குடல் ஆபரேஷன் முடிந்தால் குரோன்ஸ் முடிந்துவிடுமா?

நாள்பட்ட குடல் அழற்சியான குரோன்ஸ் நோய்க்குக் குடலில் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "கெட்டதை வெட்டி எடுத்தாச்சு, இனி கவலை இல்ல." பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. மலேசிய ஆய்வுகளில் இந்த வகைக் குடல் அழற்சி மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம்தான் அதிகம் காணப்பட்டிருக்கிறது. ஆகவே நம் வீடுகளில் இதைப் பேசியே ஆக வேண்டும்.

சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடம்தான் பலருக்குச் சுருங்கிப் போகிறது. அந்தத் துண்டை நீக்கிவிட்டு இரண்டு முனைகளையும் இணைக்கிறார்கள். நோய் திரும்பினால் பெரும்பாலும் அந்த இணைப்பை ஒட்டியே திரும்பும். மருந்தே எடுக்காதவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அங்கே மறுபடி புண் வந்துவிடுகிறது; வலியும் வயிற்றுப்போக்கும் தெரிய வருடக்கணக்கில்கூட ஆகலாம். அதனால்தான் 6 முதல் 12 மாதத்துக்குள் குழாய் விட்டுக் குடலின் உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு வரச் சொல்கிறார்கள். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மறுபடி குழாய் விடணும்?" என்று அதைத் தவறவிடாதீர்கள். கோலாலம்பூர் அரசு மருத்துவமனைகளில் கூட்டம் தெரிந்ததுதானே, போன தேதி எளிதில் திரும்பக் கிடைக்காது. ஆபரேஷனுக்குப் பிறகும் மருந்து தொடர வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், நாமாக நிறுத்த வேண்டாம். சிகரெட் மட்டும் இன்றே நிற்க வேண்டும். நோய் திரும்புவதற்கு நம் கையில் இருக்கும் காரணங்களில் அதுவே முதன்மையானது.

அடுத்தது வலி மாத்திரை. வீட்டு அலமாரியில் பொன்ஸ்தான், வால்டரன் ஏதாவது கிடக்கும். மூட்டு வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் வாங்கிய அந்த ரகம் குடலைப் புண்ணாக்கக்கூடியது. பல் டாக்டரிடம் போனாலும் குரோன்ஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். சாதாரண வலிக்குப் பனடோல் போதும். அழற்சியைத் தணிக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை இதற்கு நேர் எதிர்: அதைச் சட்டென்று நிறுத்துவதுதான் ஆபத்து. ஆபரேஷனுக்கு முன்பே, எத்தனை மில்லிகிராம் சாப்பிடுகிறீர்கள் என்பது மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில் நம்மவர்கள் இரண்டு எல்லைக்கும் போவார்கள். ஒரு பாட்டி மாதக்கணக்கில் ரசம் சோற்றிலேயே வைத்திருப்பார். இன்னொரு மாமா இரண்டாவது வாரமே வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பிரிக்பீல்ட்ஸ் அழைத்துப் போவார். முதல் சில வாரங்களுக்குக் கீரைத்தண்டு, கொய்யா, அன்னாசி, சோளம் போன்ற நார் மிகுந்தவை வேண்டாம், அவ்வளவுதான். புரதத்தைக் குறைக்கவே கூடாது, புண் ஆற அதுதான் தேவை. முட்டை, மீன், கோழி, தவ்ஹூ எல்லாம் நல்லது. ஆபரேஷன் ஆனவர்களுக்கு இங்கே ஹாருவான் (விரால்) மீன் சூப் கொடுப்பது வழக்கம். கொடுங்கள், ஆனால் சாற்றை மட்டும் குடிக்க வைத்துவிட்டு மீனை வீட்டிலுள்ள மற்றவர்கள் சாப்பிட்டால் என்ன பயன்?

கழிவு வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். சிறுகுடலிலிருந்து வெளியேறுவது அதிகமானால் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. உப்பும் சேர்ந்துதான் வெளியே போகிறது. மருந்துக் கடையில் விற்கும் உப்புக் கரைசல் பொடியைக் கலந்து குடிக்க வேண்டும். பையோடு கோயிலுக்குப் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாகப் போகலாம். பத்துமலையில் 272 படி ஏறுவதையும், பால்குடம் காவடி போன்ற பாரம் சுமப்பதையும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தையல் போட்ட வயிற்றில் பாரம் ஏறினால் குடலிறக்கம் வரலாம்.

முதல் 10 நாட்களில் காய்ச்சல், படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி வந்தால் "காத்து" என்று எண்ணெய் தேய்த்துவிட்டுப் படுக்க வைக்காதீர்கள். இணைப்பில் கசிவு இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான், காலின் இரத்தநாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம்.

அப்புறம் டிஸ்சார்ஜ் ஆகும்போது, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் எத்தனை சென்டிமீட்டர் எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பி12 வைட்டமின் உடலில் சேர்வது அங்கேதான். 20 சென்டிமீட்டருக்கு மேல் போயிருந்தால் ஊசி தேவைப்படலாம். உடலில் இருக்கும் கையிருப்பு சில வருடம் தாங்கும் என்பதால் குறைபாடு மெதுவாகத்தான் தெரியும். பின்னொரு நாள் அந்தக் குறைபாட்டால் கால் மரத்துப்போய் வேறொரு கிளினிக்கில் உட்காரும்போது, டாக்டருக்கு அந்தக் காகிதம் தேவைப்படும்.