சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால்

பழைய எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும்) பெட்ரோல் கார், காலையில் சட்டென ஸ்டார்ட் ஆகும். ஓட்டி நிறுத்தி கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் திணறும். உடனே ஆக்சிஜன் சென்சாரை (எக்ஸாஸ்ட் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளப்பது) மாற்றச் சொல்வார்கள். அவசரம் வேண்டாம். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) அந்தச் சென்சாரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

முதலில் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது. இல்லையென்றால் ஃபியூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) பிரஷர் கேஜ் மாட்டி (பெட்ரோல் பீய்ச்சும், துணி சுற்றிக்கொள்ளுங்கள்) இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். சில நிமிடத்திலேயே முள் பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது, அல்லது பம்பின் செக் வால்வு (பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுப்பது) பிடிக்கவில்லை. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் பிடித்துக்கொள்கிறதா? அனேகமாக ஒழுகி உள்ளே பெட்ரோல் தேங்கியிருக்கிறது; பெரும்பாலான வண்டிகளில் அப்படி மிதித்தால் ஸ்டார்ட்டின்போது பெட்ரோல் நின்றுவிடும். இன்ஜின் சூட்டை ஈசியூவுக்குச் சொல்லும் கூலன்ட் சென்சாரையும் அளந்துவிடுங்கள்: பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300.

இனி ஆக்சிஜன் சென்சார். இன்ஜின் நன்றாகச் சூடானதும் 2,500 ஆர்பிஎம்மில் சிக்னல் வயரில் டிஜிட்டல் மீட்டரை வையுங்கள். 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கவேண்டும். 0.45இல் அசையாமல் நின்றால் சென்சாரோ வயரிங்கோ போய்விட்டது. 0.9இலேயே ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் அதிகம் என்று பொருள்; பாவம், பெரும்பாலும் ஒழுகும் இன்ஜெக்டரைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது. 0.1இலேயே கிடந்தால் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஊதுகிறதா என்று பாருங்கள். சிக்னல் வயரில் மட்டும் ஓம் மீட்டர் வைக்காதீர்கள், சென்சார் கெடும்.