கடை வாசலில் தார்பாய்க் குடில்: மும்பையில் வார்டு ஆபீஸை வேலை வாங்குவது எப்படி

தாராவி 90 அடி சாலையோ, சயான் ஸ்டேஷன் பக்கமோ, மாட்டுங்கா மேம்பாலத்தடியோ, கடை வாசல் ஃபுட்பாத்தில் குடும்பங்கள் தார்பாய் கட்டித் தங்கிவிட்டால் கடைக்காரர் முதலில் செய்வது முனிசிபால்டி உதவி எண் 1916க்கு ஒரு போன். 'எடுங்க' என்று ஒரு வரிப் புகார். கொஞ்ச நாளில் முனிசிபால்டி லாரி வந்து தார்பாய், மூங்கில், பாத்திரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். ஒரு வாரம் போனால் அதே இடத்தில் வேறு தார்பாய். உடனே, 'மாமூல் போயிருக்கும்' என்று பேச்சு கிளம்பும்.

மாமூலே இல்லாத இடத்திலும் இப்படித்தான் நடக்கும். லாரியோடு வரும் ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவு பொருளைத்தான் தூக்கும். ஆளுக்கு ஒதுங்க இடம் காட்டுவது வேறு பிரிவு. காலியான ஃபுட்பாத்தைச் செப்பனிடுவது மெயின்டனன்ஸ். குப்பையை வாருவது திடக்கழிவுப் பிரிவு. தெருவிளக்கு, தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் என்றால், வார்டு ஆபீஸிடம்கூட இல்லை, பஸ்ஸும் மின்சாரமும் பார்க்கும் பெஸ்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. நீங்கள் கேட்டது முதல் வேலையை மட்டும். நடந்ததும் அது மட்டும்தான். ஐந்தையும் ஒரே காகிதத்தில், ஒரே தேதிக்குக் கேட்டு வாங்குவதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

வியாபாரம் நன்றாக ஓடும் தெருவில் இந்தச் சிக்கல் பெரிதாக முளைப்பதில்லை. 2024 ஆகஸ்டில் சயான் ரயில் மேம்பாலத்தை மூடியபோது போக்குவரத்து திசைமாறியது போல, ஒரு தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்து, நாலு ஷட்டர் நிரந்தரமாக இறங்கினால், அந்த மூடிய ஷட்டர்களின் முன்படிதான் முதல் குடிலுக்கு இடம். மேலே சன்ஷேடு, பின்னால் சுவர், விரட்ட ஆள் இல்லை.

சட்டம் எதுவரை வரும்

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888இல் மூன்று பிரிவுகள் போதும். தெருவை அடைத்து எதையும் கட்டக்கூடாது என்பது 312. பொருளை வைக்கக்கூடாது என்பது 313. அப்படிக் கட்டியதையும் வைத்ததையும் நோட்டீஸ் இல்லாமலே ஆணையர் அகற்றலாம் என்பது 314.

314ஐ மட்டும் படித்துவிட்டு 'நோட்டீஸே வேண்டாமே, இன்றைக்கே எடுங்கள்' என்று வார்டு ஆபீஸில் வாதாடுபவர்கள் உண்டு. பலிக்காது. 1981இல் பிளாட்பாரவாசிகளை வெளியேற்ற அரசு கிளம்பியபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து வேலை தேடி வந்து, மேற்கு எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரத்தில் தார்பாய்க்குக் கீழே மனைவி மக்களோடு இருந்த தமிழ்க் கூலித் தொழிலாளி. 1985 ஜூலையில் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு இரு பக்கமும் வெட்டும்: ஃபுட்பாத்தில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை, ஆனால் பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம், ஆகவே வழக்கமான நிலையில் நோட்டீஸ் கொடுத்து, சொல்வதைக் கேட்டுத்தான் அகற்ற வேண்டும். 314 செல்லும், ஆனால் அதை நிதானமாகக் கையாள வேண்டும் என்று பொருள். 2023 மார்ச்சில் தென்மும்பை ஃபுட்பாத்வாசிகள் பற்றிய விஷயம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோதும், அவர்களும் மனிதர்கள்தான், தூக்கி எறியச் சொல்ல முடியாது என்ற நிலையைத்தான் நீதிமன்றம் எடுத்தது. வார்டு அதிகாரி தயங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். நோட்டீஸ் கொடுக்கும்படி நீங்களே எழுதிக் கேட்டால் அவருக்கு வேலை சுலபம்.

குடிசைச் சட்டப்படி 2000 ஜனவரி 1க்கு முன்பே இருந்ததற்குச் சான்று காட்டும் குடிலை மாற்று வீடு பற்றிப் பேசாமல் தொட மாட்டார்கள். போன மாதம் வந்த தார்பாயும் இருபத்தைந்து வருடக் குடிலும் ஒரே வரிசையில் இருந்தால் புகாரில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். ஒன்றாக எழுதினால் பழையதைச் சாக்கிட்டுப் புதியதும் நின்றுவிடும்.

யார் என்று தெரியாமல் புகார் எழுதாதீர்கள்

பகல் 11 மணிக்கு ஒருமுறை, இரவு 11 மணிக்கு ஒருமுறை, அதிகாலை 5 மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பகலில் கூடையோடு உட்கார்ந்து விற்பவர் தங்குபவர் அல்ல, வியாபாரி. அவருக்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பு தருகிறது: வேறிடத்துக்கு மாற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும், பறித்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும், அபராதம் கட்டினால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்ப வேண்டும். குடில் புகாரோடு இவரைச் சேர்த்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

இரவில் மட்டும் படுத்து விடிந்ததும் போகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர்கள், சுமை தூக்குபவர்கள். இவர்களுக்கு லாரி எதற்கு? முதலாளியிடம் பேசினால் முடிகிற விஷயம். தனியாகப் பேசிக்கொண்டு திரியும் மனநலம் குன்றியவர் என்றால் அது போலீஸ் வேலை. மனநலச் சட்டம் 2017, பிரிவு 100இன்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கடமை ஸ்டேஷன் பொறுப்பாளருக்கு உண்டு. தனியாக நிற்கும் குழந்தைக்கு 1098. கர்துல்லாக்கள் (போதைக்கு அடிமையானவர்கள்) கூடி ஊசி போடும் மூலை என்றால் 112, அதோடு ஒரு எழுத்துப் புகாரும்.

எல்லாம் கழித்த பிறகு மிஞ்சும் குடும்பங்கள்தான் வார்டு ஆபீஸ் விஷயம்.

உங்கள் படியை முதலில் பாருங்கள்

அதிக்ரமண் (ஆக்கிரமிப்பு அகற்றும்) லாரி வந்தால் குடிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகாது. ஷட்டருக்கு வெளியே தள்ளிப் போட்ட ஃப்ரிட்ஜ், தொங்கவிட்ட சிப்ஸ் சரம், ஃபுட்பாத்துக்கு நீட்டிய டைல்ஸ் படி, இரும்புச் சட்டம் வைத்த தார்பாய்ப் பந்தல் எல்லாமே அதே 312, 313இல்தான் வருகின்றன. முதல் நாள் கடைக்காரர் சாமானையே ஏற்றிக்கொண்டு போன கதை எல்லாத் தெருவிலும் உண்டு. மழைக்காலப் பந்தலுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பழைய அனுமதிச் சீட்டு செல்லாது.

குடில் வராமல் தடுக்கிறேன் என்று ஃபுட்பாத்தில் கம்பி, கூர்முனை, சிமெண்ட் தொட்டி பதிப்பதும் ஆக்கிரமிப்புதான். 2018இல் ஃபோர்ட்டில் ஒரு வங்கி வாசலில் பதித்த கம்பி முட்களை, எதிர்ப்பு கிளம்பியதும் பிடுங்க வேண்டியதாயிற்று.

புகாரை எழுதுவது

எந்த வார்டு என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். சயான் ஸ்டேஷனுக்குக் கிழக்கே எஃப்/நார்த். ஆபீஸ் மாட்டுங்காவில், பாவு தாஜி சாலையில். மேற்கே தாராவிப் பக்கம் ஜி/நார்த். ஆபீஸ் தாதரில், பிளாசா தியேட்டருக்குப் பின்னால். ரயில்வே வேலிக்கு உள்ளே என்றால் முனிசிபால்டி கை வைக்காது, ரயில்வேக்குத்தான் எழுத வேண்டும். மேம்பாலத்தடி நிலம் யாருடையது என்று மெயின்டனன்ஸ் பிரிவில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1916இலோ முனிசிபால்டி ஆப்பிலோ பதிந்து எண் வாங்குங்கள். அது போதாது. லாரி ஒருமுறை வந்துபோனாலே அந்த எண்ணை 'முடிந்தது' என்று மூடிவிடுவார்கள். ஆகவே அந்த எண்ணைக் குறிப்பிட்டு, வார்டின் சஹாய்யக் ஆயுக்த் (உதவி ஆணையர்) பெயருக்கு ஒரு காகிதம். மராத்தியில் இருந்தால் மேசை மேசையாக நகரும். வீட்டில் மராத்தி படித்த பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களிடம் எழுதி வாங்குங்கள். வார்டு ஆபீஸின் ஆவக்-ஜாவக் (தபால் வரவு-செலவு) கவுண்டரில் கொடுத்து நகலில் போச் (பெற்றுக்கொண்டதற்கான) முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். பத்துப் பதினைந்து கடை சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது.

'அசிங்கமாக இருக்கிறது, வியாபாரம் போகிறது, திருடர்கள்' என்று எழுதும் புகார் கோப்பில் தூங்கும். டேப் எடுத்து அளந்து எழுதும் புகாருக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். இப்படி இருக்கட்டும்:

"இன்ன எண் கடை முதல் இன்ன எண் கடை வரை 14 மீட்டர் நீளத்தில் 5 தார்பாய்க் குடில்கள். ஃபுட்பாத் அகலம் 3 மீட்டர், நடக்க மிஞ்சுவது 0.7 மீட்டர். ஏறத்தாழ 18 பேர், அதில் 6 குழந்தைகள், ஒரு கர்ப்பிணி. ஒரு குடில் மின்பெட்டியை ஒட்டி இருக்கிறது, அதனருகே அடுப்பு எரிகிறது. எங்கள் கோரிக்கை: நோட்டீஸ் கொடுத்து 314இன் கீழ் நடவடிக்கை, அதற்கு முன் சமாஜ் விகாஸ் (சமூக வளர்ச்சி) அதிகாரி நேரில் வந்து கணக்கெடுத்து, தங்குமிடம் தருவது, அகற்றிய அன்றே சுத்தம், ஒரு வாரத்துக்குள் ஃபுட்பாத் பழுதுபார்ப்பு, எரியாத இரண்டு விளக்குகள் பற்றி பெஸ்டுக்குக் கடிதம்."

இந்திய சாலைப் பேரவையின் நெறிப்படி ஃபுட்பாத்தில் குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். அந்த 1.8ஐயும் உங்கள் 0.7ஐயும் ஒரே வரியில் எழுதுங்கள். மின்பெட்டியோ நெருப்போ இருந்தால் தனி வரியில் எழுதுங்கள். அவசரம் என்று கோப்பு முன்னுக்கு வர அது உதவும். படம் எடுக்கும்போது குழந்தைகள், பெண்கள் முகம் வேண்டாம். ஃபுட்பாத்தும் டேப்பும் தெரிந்தால் போதும்.

தங்குமிடம்தான் சிக்கல்

தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் நெறி, ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் ஒரு நிரந்தரத் தங்குமிடம் என்று வகுத்திருந்தது. 2011 கணக்கெடுப்பில் மும்பை 1.24 கோடி. அப்படியானால் 120க்கு மேல் வேண்டும். இருப்பது அதில் சிறு பங்கு. அதிலும் குடும்பத்தோடு இருக்கக்கூடியவை இன்னும் குறைவு. கணவனை ஒரு இடம், மனைவி பிள்ளைகளை வேறு இடம் என்றால் யாரும் போகமாட்டார்கள். போனாலும் நாலு நாளில் திரும்புவார்கள், பிள்ளையின் பள்ளியும் வேலையும் இங்கேதானே. ஆகவே சமாஜ் விகாஸ் அதிகாரியிடம் 'பேகர் நிவாராவில் (வீடற்றோர் தங்குமிடத்தில்) இடம் உண்டா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இத்தனை பெண்கள், இத்தனை குழந்தைகள், குடும்பமாக இருக்கலாமா, எத்தனை கிலோமீட்டர், சாமான் வைக்கலாமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இடம் இல்லை என்பதும் ஒரு பதில்தான். மேலதிகாரிக்கு எழுதும்போது உங்கள் கையில் இருக்கும் பலமான காகிதம் அதுவாகவே இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை குடியிருப்பு அகற்றலைப் பொதுவாக நிறுத்திவைப்பார்கள். மே மாதம் கொடுக்கும் புகார் அக்டோபர் வரை இழுப்பதற்குக் காரணம் அது. பிப்ரவரியில் ஆரம்பியுங்கள்.

லாரி வரும் நாள்

போலீஸ் பந்தோபஸ்து கிடைக்காமல்தான் தேதி தள்ளிப்போகும். வார்டு ஆபீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஸ்டேஷனிலும் ஒருமுறை விசாரியுங்கள். அன்றைக்குக் கடைக்காரர்கள் ஒதுங்கி நிற்பதே நல்லது. நீங்களோ உங்கள் பையன்களோ ஒரு மூங்கிலைக்கூடத் தொடக்கூடாது. தண்ணீர் ஊற்றுவது, சாமானை வீசுவது, அடியாள் வைப்பது எல்லாம் உங்கள் மேல் கிரிமினல் கேஸாக வந்து நிற்கும். மும்பைத் தெருவோரம் இருக்கும் குடும்பங்களில் பார்தி பழங்குடியினர் நிறைய. அவர்கள் மேல் கை வைத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும்.

ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, மருந்து ஆகியவற்றைத் தனியே எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் தரும்படி லாரியோடு வரும் முனிசிபால்டி பொறியாளரிடம் கேளுங்கள். இது இரக்கம் மட்டுமல்ல. அடையாளச் சீட்டு லாரியில் போய்விட்டால் அந்தக் குடும்பம் அதைத் தேடி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், தங்குமிடத்தில் பதிவதும் சிக்கலாகிவிடும்.

காலியான இடத்தைக் காலியாக விடாதீர்கள்

முதல் மூன்று இரவு முக்கியம். உடைந்த பேவர், எரியாத விளக்கு, மூடிய ஷட்டர் மூன்றும் அப்படியே இருந்தால் லாரிச் செலவு வீண். மூடிய கடை பகடி (பழைய முன்பண வாடகை முறை) வழக்கில் சிக்கியிருந்தாலும் முன்படியில் விளக்குப் போட ஓனர் ஒத்துக்கொள்வார், கரண்ட் பில்லைக் கடைக்காரர் சங்கம் பகிர்ந்துகொண்டால். கையில் வியாபாரி சான்றிதழ் உள்ளவரை முறைப்படி அங்கே உட்கார வைக்க வார்டு ஆபீஸிடம் கேட்டுப் பார்க்கலாம். மாட்டுங்கா மேம்பாலத்தடியில் அக்கம்பக்கத்தார் விடாமல் கேட்டதால்தான் நர்மதை நதியின் போக்கில் வளையும் நடைபாதையோடு நானாலால் மேத்தா பூங்கா வந்தது. அதற்கு முன் அது எதற்கெல்லாம் பயன்பட்டது என்று அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். 'ஏன் நடவடிக்கை இல்லை' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். இன்ன எண் புகாரின் கோப்புக் குறிப்பு நகல், இடத்தைப் பார்வையிட்ட தேதி, பந்தோபஸ்து கேட்ட கடித நகல், அந்தத் தேதியில் வார்டுக்கு அருகே குடும்பத் தங்குமிடத்தில் காலி இருந்த படுக்கை எண்ணிக்கை என்று கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு 20 ரூபாய் ஸ்டாம்ப்.