கருவிழிப் புண்ணுக்கான சிகிச்சையை வீட்டில் தொடர்வது எப்படி?

கருவிழி (கார்னியா) என்பது கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலம். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே அங்கே கிருமி புகுந்து புண் உண்டானால், பெரும்பாலும் மாத்திரையைவிடக் கண்ணில் நேரடியாக விடும் சொட்டு மருந்தே முதன்மையான சிகிச்சையாகிறது. கண் சிவந்து வலித்து, வெளிச்சத்தில் கூசி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தென்பட்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றி, எறிந்துவிடாமல் அதன் பெட்டியோடு கொண்டு செல்வது நல்லது. அதிலிருந்தும் கிருமியைக் கண்டறிய முடியும்.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை விட்டுப் பார்ப்பது மிகப் பெரிய தவறு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்து, குணமாவதுபோலத் தோன்றும். உள்ளே பூஞ்சையோ ஹெர்ப்பிஸ் வைரஸோ இருந்தால் புண் ஆழமாகிக்கொண்டே போகும்.

மருத்துவர் கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணிலிருந்து சிறிதளவு சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். இலையோ குச்சியோ கண்ணில் பட்டிருந்தால் அதை மறவாமல் சொல்லுங்கள், ஏனெனில் அது பூஞ்சைத் தொற்றைச் சந்தேகிக்க வைக்கும் முக்கியமான தடயம்.

தீவிரமான பாக்டீரியா புண்ணுக்கு முதல் இரண்டு நாள் இரவும் பகலும் மணிக்கொரு முறை சொட்டு விடச் சொல்வதுண்டு. சிகிச்சையின் மிகக் கடினமான பகுதி இதுதான். நோயாளி தனியாகச் சமாளிப்பது அரிது என்பதால், வீட்டில் இருவர் முறைவைத்து விழித்திருப்பது நல்லது. கையைச் சோப்பிட்டுக் கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து, அங்கே உண்டாகும் சிறு பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். குப்பியின் முனை இமையிலோ மயிரிலோ படக்கூடாது. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பூஞ்சைக்குத் தரும் நாட்டமைசின் குப்பியின் அடியில் மருந்து வெண்மையாகத் தங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பின்னரே விட வேண்டும். கண்ணை இறுகக் கட்டி மூட வேண்டாம்.

பாக்டீரியா புண்ணில் இரண்டு மூன்று நாட்களில் வலி குறையத் தொடங்கலாம். பூஞ்சைக்கு வாரக்கணக்கிலும், அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிரிக்கு மாதக்கணக்கிலும் மருந்து தேவைப்படும். வலி நின்றதும் தாமாக நிறுத்தியவர்களுக்குப் புண் திரும்ப வாய்ப்புண்டு.

ஓரத்தில் ஏற்பட்ட சிறிய புண் பார்வையை அதிகம் பாதிக்காமல் ஆறிவிடலாம். நடுவில் ஏற்பட்டது தழும்பாக நின்றால் பார்வை மங்கும். சிலருக்குக் கடினவகை காண்டாக்ட் லென்ஸ் உதவும், சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படும். தொற்று தணிந்த பிறகு பொருத்தும் மாற்றுக் கருவிழி நிலைத்து நிற்க வாய்ப்பு அதிகம் என்பதால், அவசரமில்லாதபோது மருத்துவர்கள் காத்திருக்கச் சொல்வார்கள்.

காத்திருக்கக் கூடாத தருணமும் உண்டு. கண்ணிலிருந்து திடீரென வெதுவெதுப்பான நீர் வழிந்து பார்வை மங்கினால், கருவிழியில் துளை விழுந்திருக்கலாம். கண்ணைத் தேய்க்காமல், அழுத்தாமல், எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.