ஒரு றிமோட், பன்னிரண்டு மேசை

கிளிநொச்சியில் ஏ9 வீதியைப் பார்த்த ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். எங்கள் அறையில் மேசை பன்னிரண்டு, சீலிங் ஃபான் நான்கு, சுவிச் பலகை ஒன்று, ஏசி ஒன்று, றிமோட் ஒன்று. சண்டை பிடிக்காமல் இவற்றைப் பாவிக்க வழி இருக்கிறது.

முதலில் ஏசியை 16 பாகையில் விடுவதை மறந்துவிடுங்கள். முரசுமோட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வெயிலுக்குள்ளால் வருகிற தம்பி ஹெல்மெட்டைக் கழற்ற முதலே றிமோட்டைத்தான் தேடுவார். 16இல் விட்டால் கெதியாகக் குளிரும் என்று நினைப்பு. அந்த இலக்கம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. இன்வேட்டர் (கொம்பிரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இல்லாத ஏசி 25இல் விட்டாலும் அதே வேகத்தில்தான் குளிராக்கும். அரை மணித்தியாலத்தில் தம்பிக்கு வியர்வை அடங்கிவிடும், அதற்குள் ஏசிக்குக் கீழே இருக்கிற அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு இருப்பார். வெயிலில் வந்தவரை ஃபானுக்குக் கீழே கொஞ்ச நேரம் இருக்க விடுங்கள், அது போதும்.

25, 26இல் வைத்து ஃபானையும் மெதுவாகச் சுழல விட்டால் அநேகமானவர்களுக்குச் சரிவரும். ஃபான் அறையைக் குளிராக்காது, உடம்பு வியர்வையைக் காயவைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஆள் இல்லாத மேசைக்கு மேலே அது சுழன்று பிரயோசனமில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்தக் கிழமைகளில் ஒரு பாகை குறைக்கச் சொல்லி யாராவது கேட்டால் நான் மறுக்க மாட்டேன். மாரி மழையில் குளிரைவிட ஈரப்பதன்தான் தொல்லை, அப்போது ‘டிரை’ என்ற பொத்தானை அமத்திப் பாருங்கள்.

இலக்கத்தை மாற்ற முதல் காற்று போகும் திசையை மாற்றுங்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசி முறைப்பாடு இதில் தீரும். ஏசியின் வாயில் உள்ள தகடுகளைக் கிடையாக நிறுத்தினால், குளிர்ந்த காற்று கூரையோடு ஓடி அறை முழுக்க மெதுவாக இறங்கும். கீழே திருப்பினால் ஒருவருடைய பிடரியில்தான் விழும். அதன் பிறகும் குளிர்கிறது என்றால் மேசையை மாற்றிக் கொடுங்கள். ‘சேர் சொன்னால்தான் மாற்றலாம்’ என்று றிமோட்டை அலுமாரியில் பூட்டுவது எனக்குப் பிடிக்காது. சுவரில் ஒரு தாங்கியில் வையுங்கள், மாற்றுகிறவர் “அக்கா, ஒன்று குறைக்கட்டா?” என்று பக்கத்து மேசையைக் கேட்டுவிட்டு மாற்றட்டும்.

கரண்ட் போய் வந்தால் பொறுமை வேண்டும். ஏசியின் கொம்பிரசர் உடனே தொடங்காது, மூன்று நிமிடமளவு எடுக்கும். அதற்குள் ஒருவர் ஓன் பண்ண, வேலை செய்யவில்லை என்று இன்னொருவர் அதே பொத்தானை அமத்த, அது ஓஃப் ஆகிவிடும். ஒருவர் மட்டும் ஒருமுறை அமத்தினால் சரி.

லைற் பிரச்சினை அநேகமாகச் சுவிச் பலகைதான். எது எந்த வரிசைக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறோம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ‘யன்னல் பக்கம்’, ‘நடு’, ‘கோப்பு அலுமாரி’ என்று கடதாசியில் எழுதி செலோரேப்பால் ஒட்டுங்கள். பகலில் யன்னல் பக்கத்து வரிசை தேவைப்படாது. எங்களுக்குக் காலை வெயில் நேரே உள்ளே வரும், கணினித் திரை கண்ணாடி மாதிரி மினுங்கும். அதற்காகத் திரைச்சீலையை முழுக்க இழுத்துவிட்டு லைற்றைப் போடுவது வீண். கணினித் திரை யன்னலைப் பார்க்காமலும் யன்னலுக்கு முதுகு காட்டாமலும், பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்புங்கள்.

கடைசியாக ஏசி ஃபில்டர். இங்கத்தைய சிவப்புக் கிரவல் தூசி வலையில் படிந்தால் 18இல் விட்டாலும் காற்று வராது, பழி றிமோட்டைப் பிடித்தவர் தலையில் விழும். கோடையில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணிவிட்டு வலையைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். வெயிலில் போட்டால் நெளிந்துவிடும். நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் திரும்பப் பூட்ட வேண்டும்.