எரிந்ததா, தீய்ந்ததா, வெந்ததா? நெருப்புச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுச் சமையலைப் பற்றியும் பழைய வீடுகளைப் பற்றியும் இப்போது நிறையப் பேர் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் புதிதாக எழுத வருகிற அத்தனை பேரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். நெருப்பு பட்ட எல்லாமே இவர்கள் கையில் ‘எரிந்துவிடுகிறது’. வெங்காயம் எரிகிறது, செங்கல் எரிகிறது, சுண்ணாம்பு எரிகிறது, பயிரும் எரிகிறது. எரி, எறி குழப்பத்தையும் எரிந்தது, எரித்தது வேறுபாட்டையும் பள்ளிக்கூடத்திலேயே சரிசெய்துகொண்டிருப்பீர்கள். இங்கே சொல்ல வந்தது, படிப்பவரைத் தப்பான வேலை செய்யவைக்கும் தவறுகளை.

சட்டியில் எதுவும் எரிவதில்லை

சுடர்விட்டு அழிந்து சாம்பலாவதுதான் எரிவது. அடுப்பில் விறகு எரியும். சட்டியில் இருப்பது சிவக்கும், கருகும், தீயும், அடிப்பிடிக்கும். இவை நான்கும் நான்கு வெவ்வேறு நிலைகள். ஒவ்வொன்றுக்கும் அடுத்துச் செய்யவேண்டியது வேறு.

செட்டிநாட்டு மசாலாவுக்கு மல்லி, சோம்பு, சீரகம், மிளகு, காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மல்லி சிவந்து வாசம் வருவதற்குள் கூடவே போட்ட மிளகாய் கருகிவிடும். மல்லி ‘சிவக்க’ வேண்டும் என்றால் அப்படியே எழுதுங்கள். ‘லேசாக எரியும் வரை வறுக்கவும்’ என்று எழுதினால், படிப்பவர் புகை கிளம்பும்வரை காத்திருப்பார். கருகிய மிளகாயின் கசப்பு அரைத்த பிறகு போகவே போகாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வறுக்கவேண்டியதுதான். கல்பாசி என்ற வாசனைப் பொருள் இன்னும் மெல்லியது, சூடான எண்ணெயில் சில நொடிகள் போதும்.

குழம்பு அடிப்பிடித்தது வேறு கதை. அடியைக் கிளறாமல், மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ‘குழம்பு எரிந்துவிட்டால்’ என்று எழுதினால், காப்பாற்றலாமா கொட்டவேண்டுமா என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆத்தங்குடிக் கல் சூளைக்குப் போவதில்லை

செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை ‘சூளையில் சுட்ட ஆத்தங்குடி ஓடுகள்’ என்று எழுதுவது பிழை. கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, பிறகு காயவைப்பார்கள். நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை. கண்ணாடியை ஒட்டி உருவானதால்தான் அந்த வழுவழுப்பு.

பயிர்

கருகும். தண்ணீர் இல்லாவிட்டாலும், யூரியா அதிகமானாலும்.

‘எரியும் பிரச்சினை’

ஆங்கிலத்தின் ‘burning issue’வை அப்படியே பெயர்த்தது. தலைபோகிற விஷயம் என்று நம்மிடமே இருக்கிறது.

சாமி விளக்கு

எரியும். பூசைக்குப் பின் அதை ‘அணைத்தார்’ என்று எழுதாதீர்கள், ‘குளிர வைத்தார்’.

‘எரித்த சுண்ணாம்பு’

இந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தைத் தின்றிருக்கிறது. பழைய வீட்டைப் புதுப்பிப்பது பற்றிய குறிப்புகளில் ‘எரித்த சுண்ணாம்பை மணலுடன் கலந்து பூசவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை நம்பி எத்தனை சுவர்கள் பாழாகின்றன என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

காளவாசலில், அதாவது சுண்ணாம்பு சுடும் சூளையில், நடப்பதை முதலில் பார்ப்போம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ கரியோடு அடுக்கித் தீ மூட்டுவார்கள். எரிவது கரி, சுடப்படுவது கல். சுமார் 900 டிகிரிச் சூட்டில் கல்லிலிருந்து கரியமில வாயு வெளியேறும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 44 கிலோ வாயுவாகப் போய் 56 கிலோ மிஞ்சும். உருவம் பெரிதாக மாறாது, தூக்கினால் லேசாக இருக்கும். இதற்குப் பெயர் சுட்ட சுண்ணாம்பு. சுவருக்கு இது இன்னும் தயாராகவில்லை.

இதைத் தண்ணீரில் போட்டால் கொதித்து, வெடித்து, பருத்து, மாவாக உதிரும். அந்த 56 கிலோ 18 கிலோ தண்ணீரைத் தனக்குள் இழுத்து 74 கிலோ ஆகும். இதுதான் நீற்றுவது, கிடைப்பது நீற்றுச் சுண்ணாம்பு. பூச்சுக்கு வேண்டியது இதுவே. சுவரில் ஏறிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடி கல்லாக இறுகும். திருநாவுக்கரசரை அடைத்து வைத்ததாகச் சொல்லப்படும் ‘நீற்றறை’ சுண்ணாம்புக் காளவாசல்தான், ஆகவே பழைய வழக்கில் அந்தச் சொல் சுடுவதையும் தொட்டு நின்றது. இன்று எழுதும்போது தீக்குச் ‘சுடு’, தண்ணீருக்கு ‘நீற்று’ என்று பிரித்தே எழுதவேண்டும்.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? ‘எரித்த சுண்ணாம்பு’ என்று படித்தவர் கடையில் சுட்ட சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, அன்றைக்கே மணலும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்துப் பூசிவிடுவார். முதல் வாரம் சுவர் அழகாக இருக்கும். கலவைக்குள் நீறாமல் தங்கிய துணுக்குகள் ஈரம் பட்டுப் பட்டுச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பருக்கும். பூச்சு அங்கங்கே பொரிந்து காசு அளவுக்குத் தெறிக்கும். குழியின் நடுவே பார்த்தால் வெள்ளையாக ஒரு துணுக்கு உட்கார்ந்திருக்கும். செட்டிநாட்டுப் பூச்சில் கடைசிப் பூச்சு மெல்லியது, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. அதில் போட்ட ஒட்டு காலத்துக்கும் தனியாகத் தெரியும். சுவர் முழுவதையும் கொத்திவிட்டு மறுபடி பூசுவதுதான் வழி.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘சரியாக எரியாத சுண்ணாம்பு’ என்று எழுதினால் இரண்டு எதிரெதிர் குறைகளைக் குறிக்கலாம். வேகாத கல் உள்ளே இன்னும் கல்லாகவே இருக்கும், கையில் கனக்கும், தண்ணீரில் நீறாது. சலித்தால் போய்விடும். அளவுக்கு மீறி வெந்தது இறுகிப்போய், நீற வெகுநேரம் எடுக்கும். சுவரில் பொரிவது பெரும்பாலும் இதுதான், நாள்பட ஊறவைப்பதுதான் மருந்து. வேகாதது, மீறி வெந்தது என்று செங்கலுக்குச் சொல்வதுபோலவே சுண்ணாம்புக்கும் எழுதினால் படிப்பவர் பிழைப்பார்.

நீற்றும் முறையையும் விட்டுவிடாதீர்கள். தொட்டியில் முதலில் தண்ணீர், சுண்ணாம்பின் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. பிறகு கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். கட்டி மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கொதி அடங்கும்வரை நீளமான கட்டையால் கிளறி, சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி மூடிவைக்கவேண்டும். மெல்லிய பூச்சுக்கு ஒரு மாதமாவது ஊறட்டும். மழமழவென்று வெண்ணெய்போல் வந்த பிறகு மணலைப் பற்றி யோசிக்கலாம்.

‘தீப்புண்’ எல்லாம் தீயால் வந்ததில்லை

‘கை எரிகிறது’ என்றால் மிளகாய் அரைத்த கையாகவும் இருக்கலாம், கொதிக்கும் எண்ணெய் பட்டதாகவும் இருக்கலாம். முதலுதவி பற்றி எழுதுகிறவர்கள் எது பட்டது என்பதை முதல் வரியிலேயே சொல்லவேண்டும். வெந்நீரோ எண்ணெயோ பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். சுட்ட சுண்ணாம்புத் தூள் பட்டால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, அதன் பிறகே ஏராளமான தண்ணீரில் கழுவவேண்டும், ஏனென்றால் கொஞ்சத் தண்ணீர் பட்டால் தோலின் மேலேயே அது நீறத் தொடங்கிவிடும். கண்ணில் விழுந்தால் தட்ட நேரமில்லை. இமையைத் திறந்து பிடித்து உடனே ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அங்கே போய் ‘தீப்புண்’ என்று சொல்லக்கூடாது. ‘சுட்ட சுண்ணாம்பு விழுந்துவிட்டது’ என்றே சொல்லவேண்டும்.