எண்ணெய்க் கறைச் சட்டையோடு கார் வாங்கப் போகிறவர்களுக்கு

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கார் பார்க்கப் போன அன்று வேலையை முடித்த கையோடு நேரே ஷோரூமுக்குப் போய்விட்டேன். சட்டையில் எண்ணெய்க் கறை, நகக்கண்ணில் கருப்பு. அங்கிருந்த தம்பி என் செருப்பைப் பார்த்துவிட்டு, "பழைய வண்டிங்களா ண்ணா? அது பக்கத்து பில்டிங்குங்க" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நடு மாடல் போதும் என்று வீட்டில் பேசி வைத்திருந்தவன், டாப் மாடலுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தேன். அதில் சன்ரூஃப் உண்டு. வாங்கியதிலிருந்து இரண்டே முறைதான் திறந்திருக்கிறேன். எனவே முதலில் சொல்வது இதுதான்: ரோஷத்தில் புக் செய்யாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து யோசியுங்கள்.

கர்நாடகத்தில் துமகூரு விவசாயி ஒருவரின் கதை 2022 ஜனவரியில் எல்லார் போனிலும் சுற்றியது. பிக்கப் வாங்க வந்தவரிடம் பத்து ரூபாய்கூட இருக்காது என்று சேல்ஸ்மேன் கிண்டலடிக்க, அவர் கொஞ்ச நேரத்தில் 10 லட்சத்தோடு வந்து நின்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு அன்றைக்கே வண்டி கிடைக்கவில்லை. தவிர, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் ஷோரூமை அனுமதிப்பதில்லை. பணப்பையைத் தூக்க வேண்டாம், வங்கியிலிருந்து ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பினால் போதும்.

நல்ல சட்டை போட்டுப் போகலாமே என்பாள் என் மனைவி. அது உங்கள் இஷ்டம். ஆனால் லைசென்ஸ் கையில் இருக்கட்டும். அதை மேசையில் வைத்து, "டெஸ்ட் டிரைவ் போகலாங்களா?" என்று கேளுங்கள். கடன் வாங்குவதானால் உங்கள் வங்கியில் முன்கூட்டியே ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள். அதை உடனே காட்டாதீர்கள். ஷோரூம்காரர்கள் தங்கள் கடனுக்கு வட்டியைச் சொன்ன பிறகு எடுங்கள்.

அடுத்து, ஆன்ரோடு விலையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் தனித்தனி வரியாக வர வேண்டும். வண்டி 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வெளியிலும் விலை கேளுங்கள். எனக்குத் தந்த தாளில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தது. "இது எதுக்குங்க தம்பி?" என்றேன். பதில் சொல்லாமல் பேனாவால் அடித்துவிட்டான். அதன் பிறகு எனக்கு ஏசி அறையில் காபி வந்தது!

அதே கம்பெனி வண்டியை வேறு டீலரும் விற்பார். தள்ளுபடி ஆளுக்கு ஆள் மாறும். நான் அங்கே கேட்காமல் விட்டது தப்பு.

கடைசியாக, ஆர்டிஓவில் வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்னால் உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியை நேரில் பாருங்கள். வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண் பில்லோடு ஒத்துப்போகிறதா, கம்பெனி தரும் சான்றான படிவம் 22-இல் தயாரித்த மாதம் என்ன, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு என்று சரிபாருங்கள். வெயிலில் நிறுத்தச் சொல்லிப் பெயின்ட்டையும் பாருங்கள். நான் அந்தக் கருப்பு நகத்தாலேயே பின்கதவு ஓரத்தைத் தடவினேன். ஓரிடத்தில் தட்டியது. மேலே பெயின்ட் பூசி டச்சப் செய்த இடம். "இந்த வண்டி வேண்டாங்க" என்றேன். ஒன்பது நாள் கழித்து வேறு வண்டி வந்தது.