வெப்பமான ஊரில் ஹாம்ஸ்டர் வளர்ப்பது எப்படி

ஹாம்ஸ்டர் வாங்கச் செல்பவர்களின் தலையில் செல்லப்பிராணிக் கடைகள் பெரும்பாலும் நான்கு பொருள்களையும் சேர்த்தே கட்டிவிடுகின்றன: ஒரு சிறிய கம்பிக் கூண்டு, உள்ளங்கை அகலமே உள்ள ஓடுசக்கரம், ஒரு பை மரத்தூள், தனியாக விட்டால் ஏங்கிப்போகும் என்ற அறிவுரையோடு இன்னொரு ஹாம்ஸ்டர். இவற்றுள் ஒன்றுகூட அந்த விலங்கின் இயல்புக்குப் பொருந்தாது. ஹாம்ஸ்டர் தனித்து வாழும், ஆழமாக வளை தோண்டும், பகலில் உறங்கும், வெக்கையைத் தாங்காது. வாங்குவதற்கு முன்பே இவற்றை மனத்தில் கொண்டு இடத்தைத் தயார் செய்தவர்களுக்கு அன்றாடப் பராமரிப்பு கால்மணி நேர வேலைதான்.

நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பது சிரிய ஹாம்ஸ்டர் எனப்படும் பொன்னிற ஹாம்ஸ்டர் ஆகும். இதன் தாயகம் வடக்குச் சிரியாவின் அலெப்போவைச் சுற்றியுள்ள வயல்வெளிகளும், அவற்றை ஒட்டிய துருக்கியின் தென்பகுதியும். 1839ஆம் ஆண்டு ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டார். 1930இல் ஜெருசலேமைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அகரோனி அலெப்போ அருகே ஒரு வளையைத் தோண்டித் தாயையும் குட்டிகளையும் பிடித்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே குடும்பத்தின் வழித்தோன்றல்கள். அலெப்போவிலும் கோடை கடுமையானதுதான் என்றாலும், தரையிலிருந்து சராசரியாக 65 சென்டிமீட்டர் ஆழத்தில், சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் கீழே அமையும் வளைக்குள் அந்த வெயில் எட்டுவதில்லை. ஒரு வளையில் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுதான் குடியிருக்கும். கூண்டுக்குள் நாம் ஈடுகட்ட வேண்டியது இந்த வளையைத்தான்.

தேர்ந்தெடுத்தல்

கடைக்கு மாலையில் செல்வது நல்லது. பகலில் எல்லா ஹாம்ஸ்டரும் சுருண்டு தூங்கும் என்பதால், எது சுறுசுறுப்பானது, எது சோர்ந்தது என்று தெரியாது. கண்கள் தெளிவாகவும் மூக்கு உலர்ந்தும் இருக்க வேண்டும். வாலடி ஈரமாகவோ அழுக்கேறியோ இருந்தால் அதை மட்டுமல்ல, அதே பெட்டியில் உள்ள வேறெதையும் வாங்கக்கூடாது. இடுப்பின் இருபுறமும் கருத்த புள்ளி ஒன்று தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது காயமன்று, சிரிய ஹாம்ஸ்டரின் வாசனைச் சுரப்பி.

ஒன்று மட்டும் வாங்குங்கள். சிரிய ஹாம்ஸ்டர்கள் குட்டிகளாக இருக்கும்போது ஒன்றாகப் படுத்து உறங்கினாலும், எட்டுப் பத்து வாரங்களுக்குள் ஒன்றையொன்று விரட்டத் தொடங்கி, பின்னர் குருதி சிந்தும் அளவுக்குச் சண்டையிடும். உடன்பிறந்தவையும் இதற்கு விலக்கல்ல. ஆணும் பெண்ணும் கலந்து அடைக்கப்பட்ட பெட்டியிலிருந்து வாங்கிய பெண் ஹாம்ஸ்டர் சினையாகவும் இருக்கக்கூடும்; இதன் சினைக்காலம் ஏறத்தாழ 16 நாட்களே என்பதால், வாங்கி இரண்டு வாரங்களுக்குள் கூண்டில் குட்டிகளைக் காண நேரலாம். அப்படி நேர்ந்தால் இரண்டு வாரம் வரை கூட்டைத் தொடாமல், உணவும் தண்ணீரும் மட்டும் வைத்துவிட்டு விலகி இருக்க வேண்டும். தொந்தரவுக்கு உள்ளான தாய் தன் குட்டிகளையே தின்றுவிடுவதுண்டு. நான்காம் வாரம் முடிவதற்குள் ஆண்களையும் பெண்களையும் பிரித்துவிட வேண்டும்.

கூண்டும் படுக்கையும்

தரைப்பரப்பு குறைந்தது 100 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் இருப்பது நல்லது. கடைகளில் வண்ண வண்ணமாக அடுக்கி வைத்திருக்கும் மாடிக் கூண்டுகள் இதில் கால்பங்குகூட இருப்பதில்லை. உயரம் இருப்பதாகச் சமாதானம் சொல்வார்கள், ஆனால் ஹாம்ஸ்டர் ஏறி விளையாடும் விலங்கன்று, அதன் கண்பார்வையும் மங்கலானது, உயரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்வதே மிச்சம். பழைய பெரிய மீன்தொட்டி கைவசம் இருந்தால் மேலே கம்பிவலை மூடி பொருத்திப் பயன்படுத்தலாம். தச்சரிடம் சொல்லி, முன்பக்கம் கண்ணாடியும் மேலேயும் பக்கங்களிலும் வலையும் வைத்து ஒரு பெட்டி செய்துகொள்வது, நம் தட்பவெப்பத்துக்கு இன்னும் பொருத்தமானது. அதில் காற்றோட்டம் தாராளமாக இருக்கும்.

பெட்டியின் ஒரு பாதியிலாவது 25 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் படுக்கை நிரப்புங்கள். அதற்கு மேல் எவ்வளவு முடிந்தாலும் நல்லதே. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழங்களில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், 10 சென்டிமீட்டர் படுக்கையில் இருந்தவையே கூண்டுக் கம்பியை அதிகம் கடித்தன. கம்பியைக் கடிப்பதை விளையாட்டு என்று எண்ணிப் படம்பிடித்து மகிழ்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படுக்கைக்கு அச்சு மை இல்லாத காகிதத் துண்டுகளும் உலர்ந்த புல்லும் கலந்த கலவை ஏற்றது. புல் சேர்த்தால் சுரங்கம் சரியாமல் நிற்கும். பைன், தேவதாரு போன்ற மணமுள்ள மரங்களின் தூள் மூச்சுக்குழாயை உறுத்தும். தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் தூளில் பிளைவுட் பசையும் வார்னிஷும் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதுவும் ஆகாது. கூடு கட்டிக்கொள்ளப் பஞ்சு வைப்பது பலருடைய வழக்கம். அதன் இழை காலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், விழுங்கினால் குடலையும் அடைக்கும். கிழித்துப்போட்ட வெள்ளைத் திசுக்காகிதமே போதுமானது.

ஓடுசக்கரம் குறைந்தது 28 சென்டிமீட்டர் விட்டம் உடையதாக, ஓடும் பரப்பில் கம்பி இடைவெளிகள் இல்லாததாக இருக்க வேண்டும். ஓடும்போது முதுகு வில்லாக வளைந்தால் சக்கரம் சிறியது என்று பொருள். ஓர் இரவில் சில கிலோமீட்டர் ஓடும் விலங்கு என்பதால், தவறான சக்கரம் அதன் முதுகெலும்பை நாள்தோறும் வருத்தும். இவற்றோடு, ஒளிந்துகொள்ள அடிப்பாகம் இல்லாத மரவீடு ஒன்றும், மணல் நிரப்பிய அகன்ற மண்சட்டி ஒன்றும் வையுங்கள். ஹாம்ஸ்டர் மணலில் புரண்டே தன் மயிரைச் சுத்தம் செய்துகொள்கிறது. அதைத் தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. ஆற்றுமணலைக் கழுவிச் சலித்து, வாணலியில் வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்தலாம். பவுடர்போல் நைந்த தூசு நுரையீரலுக்குக் கேடு.

வெயில் காலம்

ஹாம்ஸ்டருக்கு ஏற்ற அறை வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. சென்னை, வேலூர், திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை இரவிலும் கொதித்துக்கொண்டிருக்கும். ஆழமான படுக்கை மட்டும் இங்கே போதாது: நிலத்துக்குள் இருக்கும் மண்ணைப்போல அல்லாமல், பெட்டிக்குள் இருக்கும் காகிதமும் சில மணி நேரத்தில் அறையின் சூட்டையே அடைந்துவிடும். எனவே அறையைத்தான் குளிர்விக்க வேண்டும்.

வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், மேற்குச் சுவரையும் சன்னலையும் விட்டு விலக்கி, தரைமட்டத்திலோ தாழ்ந்த மேசையிலோ பெட்டியை வையுங்கள். குளிர்சாதனம் இருந்தால் 24 அல்லது 25 டிகிரியில் வைத்து, அதன் காற்று நேராகப் படாத மூலையில் பெட்டி இருக்கட்டும். மின்விசிறியை மட்டும் நம்பக்கூடாது. நமக்கு வியர்வை உலர்வதால் விசிறிக் காற்று குளிர்கிறது. ஹாம்ஸ்டருக்கு வியர்ப்பதில்லை, சூடான காற்று சூடாகவே அதன்மேல் வீசும். பெட்டிக்குள் ஒரு கிரானைட் பலகையையோ தரை ஓட்டையோ வைத்தால் அதன்மேல் வயிறு படியப் படுத்துக்கொள்ளும். மின்வெட்டு ஏற்படும் ஊர்களில், உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்கள் இரண்டு உறைபெட்டியில் எப்போதும் தயாராக இருப்பது நல்லது. துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால், வேண்டும்போது அருகில் வரவும் வேண்டாதபோது விலகவும் முடியும்.

உடலைத் தட்டையாக நீட்டிப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, எச்சில் வடித்து, தூக்கினால் துவண்டுவிழும் ஹாம்ஸ்டர் வெப்பத் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறது. உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்றி, தானாகக் குடித்தால் சில துளி நீர் கொடுத்து, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி நீரில் நனைப்பது அதிர்ச்சியையே உண்டாக்கும்.

ஊட்டி, கொடைக்கானல்வாசிகளுக்குச் சிக்கல் நேர்மாறானது. கடுங்குளிர் இரவில் ஹாம்ஸ்டர் உடல் சில்லிட்டு, அசைவற்று, மூச்சே இல்லாததுபோல் உறக்கநிலைக்குப் போய்விடலாம். இறந்துவிட்டதென்று புதைத்துவிடாமல், உள்ளங்கைச் சூட்டிலும் கம்பளியிலும் வைத்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பாக்கி, மீசை துடிக்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

உணவு

வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டருக்கு நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தானியக் கலவை போதும். தினை, சாமை, கம்பு, ஓட்ஸ், சிறிது கோதுமை ஆகியவை நம் மளிகைக் கடையிலேயே கிடைக்கின்றன. ஆயினும் தானியத்தால் மட்டும் புரதமும் உயிர்ச்சத்துகளும் நிறைவடையாது என்பதால், ஹாம்ஸ்டருக்கென்றே தயாரித்த தரமான உணவை அடிப்படையாகக் கொண்டு இவற்றைச் சேர்ப்பதே பாதுகாப்பானது. வாரத்தில் ஓரிரு முறை உப்பில்லாமல் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவில் சிறு துண்டு கொடுக்கலாம். வெள்ளரி, கேரட், புரொக்கோலி, கொத்தமல்லித் தழை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, விரல்நகம் அளவுக்கு, நாள்தோறும் தரலாம். சூரியகாந்தி விதையையும் பரங்கி விதையையும் ஹாம்ஸ்டர் ஆசையாகத் தின்னும். கொழுப்பு மிகுந்தவை என்பதால் கையில் பழக்கும்போது ஒன்றிரண்டு கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட், பச்சை உருளைக்கிழங்கு, வேகவைக்காத அவரை வகைகள், உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிக்சர், முறுக்கு ஆகியவை ஆகாதவை. பேரீச்சை, பலாச்சுளை, மிட்டாய் போன்ற ஒட்டும் பண்டங்கள் கன்னப்பைக்குள் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஹாம்ஸ்டரின் கன்னப்பை தோள்வரை நீண்டது. கிடைத்ததை எல்லாம் அதில் அடைத்துப்போய் வளையில் பதுக்கும். கிண்ணம் காலியாகிவிட்டதே என்று மீண்டும் மீண்டும் நிரப்புவதால்தான் பல ஹாம்ஸ்டர்கள் பருத்துப்போகின்றன. பதுக்கிய தானியத்தை அப்படியே விட்டுவிட்டு, அழுகக்கூடிய காய்த்துண்டை மட்டும் மறுநாள் எடுத்துவிடுங்கள்.

அந்தப் பதுக்கலைத் தேடி எறும்பு வருவது நம் வீடுகளில் தவிர்க்க முடியாதது. எறும்புச் சாக்கட்டியும் பூச்சிமருந்துத் தெளிப்பும் ஹாம்ஸ்டருக்கும் நஞ்சு. மேசைக் கால்கள் நான்கையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவதே போதுமான காவல். அதில் கொசு பெருகாதபடி இரண்டு நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். கொசுவத்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம்.

பழக்குதலும் சுத்தமும்

வந்த முதல் ஒரு வாரம் தொடாமல் விட்டுவிடுங்கள். பின்னர் மாலையில் அது விழித்து நடமாடும் நேரம் பார்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உள்ளங்கையில் ஒரு விதையை வைத்துப் பெட்டிக்குள் அசையாமல் நீட்டுங்கள். விரலில் சாப்பாட்டு மணம் இருந்தால் கடிக்கும். அதன் மேல் குற்றமில்லை. மேலிருந்து பாய்ந்து பிடிப்பது பருந்து பிடிப்பதற்கு ஒப்பாகும் என்பதால், இரு கைகளையும் குவித்துக் கீழிருந்தே ஏந்த வேண்டும். தரையில் உட்கார்ந்தபடி கையாண்டால் நழுவி விழுந்தாலும் அடிபடாது. சிறு குழந்தைகளிடம் தனியே கொடுக்காதீர்கள். பள்ளி முடிந்து வந்த பிள்ளைகள் பகலில் அதை எழுப்பி விளையாட விரும்பினால், இந்த வீட்டுக்கு ஹாம்ஸ்டர் ஏற்றதுதானா என்று வாங்குவதற்கு முன்பே யோசிப்பது நேர்மை.

சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் தினமும் அள்ளி எறிந்தால் நாற்றம் வராது. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை படுக்கையில் மூன்றில் ஒரு பங்கை மாற்றலாம். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் தன் மணமே இல்லாத இடத்தில் அது கலங்கிப்போகும். பெட்டியைத் துடைக்க வெந்நீரும் வினிகரும் போதும், பினாயில் கூடாது.

நோய்

குட்டிகளைத் தாக்கும் நோய்களில் மிகக் கொடியது வாலடி ஈரமாகும் வயிற்றுப்போக்கு. இரண்டு நாட்களுக்குள் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால் காலையில் பார்த்தால் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் மனித மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சுக் கிருமி பெருக இடம் கொடுத்து, அதைக் கொன்றுவிடும். முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், கடித்துத் தேய்க்க வேப்பங்குச்சியோ கொய்யாக் குச்சியோ எப்போதும் இருக்கட்டும்; உணவிருந்தும் எடை குறைந்தால் பல்லை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் சிறு கொறிவிலங்குகளைப் பார்ப்பதில்லை என்பதால், யார் பார்ப்பார்கள் என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சமையலறைத் தராசில் வாரந்தோறும் எடை பார்த்து எழுதிவைக்கும் பழக்கம், எந்த மருத்துவருக்கும் உதவியாக இருக்கும். இதன் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகளே. இரண்டாம் ஆண்டுக்குப் பின் நடை தளர்வதும் மயிர் உதிர்வதும் முதுமையாகவும் இருக்கலாம்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது ஹாம்ஸ்டரைப் பேருந்தில் தூக்கிச் செல்வதைவிட, வீட்டிலேயே விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்க்கும்படி பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் செல்வது மேல். வருபவர் உணவை வைத்து, தண்ணீர்ப் பாட்டிலின் முனையை விரலால் தட்டி நீர் கசிகிறதா என்றும் சோதிக்க வேண்டும். பாட்டில் நிறைந்திருந்தாலும் முனையில் உள்ள குண்டு சிக்கிக்கொண்டால் ஹாம்ஸ்டருக்கு ஒரு துளியும் கிடைக்காது. தீபாவளி வாரத்தில் பெட்டியைத் தெருப்பக்க அறையிலிருந்து உள்ளறைக்கு மாற்றிவிட்டுச் செல்லுங்கள்.